கடலோரக் கோட்டையில் ஓர் அருங்காட்சியகம்

நுழையும்முன்
வரலாறு என்றவுடன் போர்களும் முடிசூட்டு விழாக்களும் நினைவுக்கு வருவது இயல்பு. ஒரு பீங்கான் சாடியும் சுடுமண் பொருளும்கூட ஓர் ஊரின் கதையைச் சொல்லக்கூடியவை. அத்தகைய பொருள்களைக் காத்துவரும் தரங்கம்பாடி அருங்காட்சியகத்தைப் பற்றியது இப்பாடம்.

மயிலாடுதுறை மாவட்டக் கடற்கரையில், அலையோசை எப்போதும் கேட்கும் இடத்தில் நிற்கிறது டேன்ஸ்பர்க் கோட்டை. தஞ்சையை ஆண்ட இரகுநாத நாயக்கர், டென்மார்க் மன்னர் நான்காம் கிறிஸ்டியனின் தூதுவருடன் 1620ஆம் ஆண்டு செய்துகொண்ட உடன்படிக்கையின் பயனாக எழுந்தது அது. மிளகு வாணிகத்தை நாடி வந்த டேனியர், ஓவ் ஜெட்டி என்னும் கடற்படைத் தலைவரின் கீழ் அதனைக் கட்டத் தொடங்கினர்.

டேனியர் வந்த பின்னரே ஊர் தோன்றியது என எண்ணுதல் பிழை. மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்து மாசிலாமணிநாதர் கோயில் அங்கு முன்பே இருந்தது. அக்கோயிற் கல்வெட்டு, சடங்கன்பாடி, குலசேகரன்பட்டினம் என்னும் பெயர்களால் அவ்வூரைக் குறிக்கிறது. 'தரங்கம்' என்பதற்கு அலை என்பது பொருள். ஐரோப்பியர் நாவில் தரங்கம்பாடி 'டிராங்கிபார்' எனத் திரிந்தது.

அருங்காட்சியகத்தின் முதற் காட்சிப்பொருள் அக்கட்டடமே எனலாம். செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு எழுப்பப்பட்ட அதன் மேல்தளத்தில் ஆளுநரும் சமயகுருவும் வணிகர்களும் வாழ்ந்தனர். கீழ்த்தளத்தில் பண்டகசாலையும் வீரர்களின் ஓய்வறையும் இருந்தன. மது வைக்கும் அறையும் சிறையும்கூட அங்கேதான் இருந்தன! யார் மேலே, யார் கீழே என்பதைச் சுவர்களே கூறிவிடுகின்றன.

கோட்டை பிற்காலத்தில் பயணியர் விடுதியாகவும் பயன்பட்டது. 1978இல் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறையின் பொறுப்பில் வந்தது. அடுத்த ஆண்டே அருங்காட்சியகம் தொடங்கப்பெற்றது. பீங்கான் கலங்கள், சீனத் தேயிலைச் சாடிகள், கண்ணாடிப் பொருள்கள், டேனியக் கையெழுத்துப் படிகள், வாள்கள், ஈட்டிகள், சுதை உருவங்கள், சுடுமண் பொருள்கள் என அதன் சேமிப்பு விரிகிறது. திமிங்கில எலும்பும் உண்டு. சீனச் சாடி தரங்கம்பாடிக்கு வந்ததென்றால், அதன் பின்னே ஒரு கடல்வழியும் மரக்கலமும் மாலுமிகளும் துறைமுகச் சுமையாள்களும் இருந்திருக்க வேண்டும். பார்ப்பவர் அந்தச் சங்கிலியை மனத்திற் கோத்துப் பார்த்தல் வேண்டும். இல்லையேல் அது வெறும் சாடியே.

காட்சிக்கு வைக்கப்பட்ட ஆவணங்களுள் 1845ஆம் ஆண்டு விற்பனை ஒப்பந்தத்தின் படி தனித்துக் குறிப்பிடத்தக்கது. வங்காளத்துச் செராம்பூர் உள்ளிட்ட டேனியக் குடியேற்றங்களுடன் தரங்கம்பாடியும் பன்னிரண்டரை இலட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விற்கப்பட்டது. விற்றவரும் வாங்கியவரும் ஆவணத்தில் உளர். வலை வீசியவரும் தறி நெய்தவரும் கடை வைத்திருந்தவரும் தம் ஊர் கைமாறியபோது எந்தப் பக்கத்திலும் கையொப்பமிடவில்லை. அவர்கள் வாழ்ந்ததற்குச் சான்றாக அங்குள்ள எளிய மண்பொருள்களையே நாட வேண்டியுள்ளது.

இரகுநாத நாயக்கர் டென்மார்க் மன்னருக்குப் பொன்னோலையில் விடுத்த தமிழ் மடல், இன்று கோபன்கேகன் ஆவணக் காப்பகத்தில் உள்ளது. பொன் கடல் கடந்து போயிற்று. மண் ஊரிலேயே தங்கிற்று.

கோட்டையை அடுத்த மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டுவிட்டது. 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலை அக்கரையை மீண்டும் தாக்கியது. கோட்டைக்கும் கடலுக்கும் இடையில் இன்று எஞ்சியிருப்பது சிறிதளவு மணற்பரப்பே.