முற்றத்தில் வளர்க்கத்தக்க குட்டை மாமரம்

மாம்பழம் உண்டபின் கொட்டையை வீட்டின் பின்புறத்தில் ஊன்றிவிடுவது தோட்டப்புறக் குடும்பங்களில் நெடுநாளைய வழக்கம். சில ஆண்டுகளில் மரம் தகரக் கூரைக்கு மேல் தலையெடுக்கும். காய்க்கத் தொடங்கும் வேளையில், கிளை முறிந்து கூரைமேல் விழுமோ என்ற அச்சம் பிறந்து, மரம் அடியோடு வெட்டப்படும். இத்தனை ஆண்டுக் காத்திருப்பும் வீணாகிறது. மாமரத்தின் வளரும் இயல்பை முன்னரே அறிந்து நட்டால் இவ்விழப்பைத் தவிர்க்கலாம்.

மாமரம் நாள்தோறும் சீராக வளர்வதில்லை. சில காலம் அசையாதிருக்கும். பின்னர் கிளை நுனிகளில் செந்தளிர்கள் ஒருசேரப் புறப்பட்டு, நீண்டு, பச்சையாகி முற்றும். மீண்டும் ஓய்வு கொள்ளும். குட்டை இரகங்களில் ஒவ்வொரு தளிர்ப்பிலும் கிளை சிறிதளவே நீளும், கணுக்கள் நெருங்கியிருக்கும்.

இதற்கு நல்ல சான்று ‘அம்ரபாலி’. புதுடில்லியிலுள்ள இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகம் ‘தசேரி’யையும் ‘நீலம்’ மாவையும் கலந்து 1970களில் உருவாக்கிய இரகம் இது. தமிழ்நாட்டில் பெயர்பெற்ற நீலத்தைப் போலவே இதுவும் ஆண்டு தவறாமல் காய்க்கும். எட்டடி இடைவெளியில், ஹெக்டருக்கு 1,600 மரங்கள் வரை நடலாம் என்றால் அதன் அடக்கம் விளங்கும். அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்து ‘பிக்கரிங்’ புதர்போல் அடர்ந்து, இளமையிலேயே காய்க்கும். நம் நாட்டில் பலரும் விரும்பும் ‘ஹாருமானிஸ்’ (எம்.ஏ. 128), ‘சொக்கனான்’ (எம்.ஏ. 224) ஆகியவை குட்டை இரகங்கள் அல்ல, அவற்றைக் கவாத்தினால்தான் அடக்க வேண்டும்.

அம்ரபாலியின் கொட்டையை ஊன்றினால் அம்ரபாலி கிடைக்காது. இந்திய இரகங்களின் கொட்டையில் பெரும்பாலும் ஒரே முளைதான் எழும். அது தாயைப் போலிராது. விதைமரத்திற்கும் ஒட்டுமரத்திற்கும் உள்ள வேற்றுமையைப் பால்மரத்தில் கண்டவர்கள் நாம். ஆகவே ஒட்டுக்கன்றையே வாங்குதல் வேண்டும்.

கன்று இரண்டு, மூன்றடி உயர்ந்ததும் நுனியைக் கிள்ளி, வெவ்வேறு திசை நோக்கும் மூன்று நான்கு கிளைகளை மட்டும் விட வேண்டும். தளிர்ப்பு முடிந்த இடத்தில் கணுக்கள் வளையம்போல் நெருங்கியிருப்பதைக் காணலாம். அதற்கு மேலே வெட்டினால் பல முளைகள் ஓரிடத்தில் நெருக்கியடித்து எழும். கீழே வெட்டினால் சில முளைகளே, இடைவெளி விட்டு, வலுவாக வரும். கீழே வெட்டுவதே நமக்கு ஏற்றது.

எப்போது வெட்டுவது என்பதில்தான் பலர் ஓராண்டு விளைச்சலை இழக்கின்றனர். மாம்பூ கிளை நுனியில் பூப்பது. அதுவும் முற்றிய நுனியில். வட மாநிலங்களில் பால்மரம் இலையுதிர்க்கும் வறண்ட நாட்களை ஒட்டியே மாமரமும் பூக்கிறது. தளிர் முற்ற நான்கைந்து மாதங்களாகும். ஜூன் வாக்கில் காய் பறித்து முடிந்தவுடன் வெட்டினால், ஆண்டிறுதிக்குள் புதுக்கிளை முற்றிவிடும். நவம்பரில் வெட்டினாலோ, பூக்க வேண்டிய காலத்தில் இலை மட்டுமே மிஞ்சும். அந்நாட்களில் யூரியாவை அள்ளியிடுவதும் இதே கேட்டைச் செய்யும்.

வெட்டுகையில் வடியும் மாம்பாலைப் பால்மரத்துப் பாலென எண்ணிக் கையால் துடைத்துவிடலாகாது. தோலில் பட்டால் புண்ணாகும். உடனே சவர்க்காரமிட்டுக் கழுவ வேண்டும்.