குப்பை வண்டி வராத ஊர்

ஜப்பான் நாட்டின் சிக்கோகு தீவில், மலைகளுக்கிடையே காமிகட்சு என்னும் சிற்றூர் உள்ளது. அங்கு 1,500க்கும் குறைவானோரே வாழ்கின்றனர். அவர்களுள் பாதிப்பேர் முதியோர்.

முன்னாளில் அவ்வூரார் குப்பையைத் திறந்தவெளியில் எரித்தனர். பின்னர் அமைத்த சிறிய எரியுலைகளும், டயாக்சின் என்னும் நச்சினைத் தடுக்கும் சட்டத்தால் மூடப்பட்டன. பெரிய உலை அமைக்க ஊரில் பொருள் வளம் இல்லை. ஆகவே, குப்பையையே குறைக்கத் துணிந்தனர். 2003ஆம் ஆண்டில், 'குப்பையில்லா ஊர்' ஆவோம் என ஜப்பானிலேயே முதன்முதலாக அறிவித்தனர்.

அங்குக் குப்பை வண்டி வருவதில்லை. மக்களே கழிவுகளைக் கழுவி உலர்த்தி, நிலையத்திற்குக் கொண்டு சென்று, நாற்பதுக்கும் மேற்பட்ட வகைகளாகப் பிரித்து இடுகின்றனர். புட்டி ஒரு பெட்டியில். அதன் மூடி வேறொரு பெட்டியில். வண்டி ஓட்ட இயலாத முதியோரின் வீட்டுக் குப்பையை மட்டும் ஊர் நிருவாகம் எடுத்துச் செல்கிறது. பயன்படும் நிலையிலுள்ள பழம்பொருள்களைக் 'குருகுரு' கடையில் வைப்பர். வேண்டுவோர் விலையின்றிப் பெறுவர்.

2020க்குள் குப்பையே இல்லாத நிலையை அடைவது அவர்களின் இலக்கு. அஃது முழுமையாகக் கைகூடவில்லை. ஐந்தில் நான்கு பங்கே மறுசுழற்சிக்குச் செல்கிறது. அணையாடை போன்றவை எஞ்சுகின்றன. பிரிக்கவே இயலாதவாறு செய்யப்பட்ட பொருளை ஊரார் எவ்வாறு பிரிப்பர்? வாங்குவோர்க்கு உள்ள பொறுப்பு செய்வோர்க்கும் உண்டு.

சொற்பொருள்: துணிந்தனர் – முடிவு செய்தனர், புட்டி – கண்ணாடிக் குப்பி, கைகூடுதல் – நிறைவேறுதல்.

விடை எழுதுக:
1. எரியுலைகள் ஏன் மூடப்பட்டன?
2. காமிகட்சு ஊரார் தம் இலக்கில் தோற்றனரா? காரணம் காட்டி எழுதுக.
3. உம் வீட்டுக் குப்பையை ஒருநாள் பிரித்து, வகைகளைப் பட்டியலிடுக.