பதில் சொன்னது எந்தத் தரவுத்தளம்?

பன்னிரண்டாம் வகுப்பில் பைத்தானையும் எஸ்க்யூலைட்டையும் இணைக்கும் பாடம் முடிந்ததும், ஆர்வமுள்ள மாணவர்களுக்கு ஜாங்கோவை அறிமுகப்படுத்துவது என் வழக்கம். பைத்தான் மொழியில் இணையச் செயலிகளை உருவாக்க உதவும் கட்டமைப்பு அது. பயிற்சிக்கு நான் கொடுப்பது பள்ளி நூலகச் செயலி. மாணவர் விவரங்கள் ஒரு தரவுத்தளத்தில். நூல் வழங்கிய விவரங்கள் வேறொன்றில். எல்லாவற்றையும் ஒன்றிலேயே அடக்கிவிடலாம்தான். ஆனால் வெளியே வேலைக்குப் போகும்போது பழைய தரவு ஓரிடத்திலும் புதியது வேறிடத்திலும் கிடப்பதை அவர்கள் நிச்சயம் பார்ப்பார்கள்.

ஜாங்கோவின் 1.2 பதிப்பு, அதாவது 2010 முதல் இந்த வசதி இருக்கிறது. அமைப்புக் கோப்பில் ஒவ்வொரு தரவுத்தளத்துக்கும் ஒரு பெயர் வைக்கிறோம். ஒன்றின் பெயர் 'டீஃபால்ட்' என்றே இருக்க வேண்டும். மற்றதை 'நூலகம்' என்று வைத்துக்கொள்வோம்.

நூலகத்திலிருந்து தரவை எடுக்க முயன்றதும் 'அப்படியோர் அட்டவணை இல்லை' என்று பிழைச்செய்தி வரும். "சார், கனெக்‌ஷன் கிடைக்கல" என்பார்கள் மாணவர்கள். இல்லை என்று ஒருவர் பதில் சொல்கிறார் என்றால் அவர் வீட்டில் இருக்கிறார் என்றுதானே பொருள்? இணைப்பு கிடைத்துவிட்டது. பதில் சொன்னது எந்தத் தரவுத்தளம், அதற்குள் என்ன இருக்கிறது என்பதே கேள்வி.

முதலில் கோப்பின் பாதையைப் பார்க்கச் சொல்வேன். கொடுத்த பெயரில் கோப்பு இல்லாவிட்டால் எஸ்க்யூலைட் குறை சொல்வதில்லை. காலியான புதிய கோப்பைத் தானே உருவாக்கிக்கொள்ளும். பாடத்தில் அவர்கள் எழுதிப் பழகிய 'கனெக்ட்' வரியும் இதையே செய்கிறது. கோப்பின் பெயரில் ஓர் எழுத்து பிசகினாலும் இணைப்பு வெற்றிதான், உள்ளே ஒன்றும் இருக்காது. கோப்புறையில் 0 பைட் அளவுள்ள கோப்பு ஒன்று புதிதாக முளைத்திருந்தால் காரணம் தெரிந்துவிட்டது.

பாதை சரியென்றால் 'மைக்ரேட்' கட்டளை. அட்டவணைகளை உருவாக்கும் இக்கட்டளை ஒரு நேரத்தில் ஒரு தரவுத்தளத்தில்தான் வேலை செய்யும். பெயர் சொல்லாவிட்டால் டீஃபால்ட்டில் மட்டும். நூலகத்தின் பெயரைக் கொடுத்து இன்னொரு முறை இயக்க வேண்டும்.

இவை எளிதில் பிடிபடும். எனக்குக் கவலை தருவது செய்தியே வராத பிழை. தனி விதி எதுவும் எழுதாமல் இரண்டிலும் மைக்ரேட் செய்தால், எல்லா அட்டவணைகளும் இரண்டிலும் உருவாகிவிடும். பிறகு 'யூசிங்' என்று குறிப்பிட மறந்து சேமித்தால் பதிவு டீஃபால்ட்டுக்குப் போகும். அட்டவணை அங்கேயும் இருப்பதால் எந்த எச்சரிக்கையும் வராது. நூல் வழங்கியதைச் சேர்க்கைப் பதிவேட்டில் எழுதிவிட்டு நூலகப் பதிவேட்டில் தேடுவது போன்றது இது. வினவலின் 'டிபி' பண்பை அச்சிட்டால் அது எங்கே போகிறது என்பது தெரிந்துவிடும். நிலையான தீர்வு ரவுட்டர்: எந்த அட்டவணை எங்கே உருவாக வேண்டும், எங்கே படிக்க, எங்கே எழுத வேண்டும் என்பதை அதில் ஒருமுறை எழுதிவிடலாம். எழுதியும் பலனில்லை என்றால், அமைப்புக் கோப்பின் ரவுட்டர் பட்டியலில் அதன் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

மாணவரையும் நூல் வழங்கலையும் ஃபாரின் கீ மூலம் இணைக்கலாமா என்று கேட்பார்கள். இரு தரவுத்தளங்களுக்கிடையே ஜாங்கோ அதை ஆதரிப்பதில்லை. சேர்க்கை எண்ணை வெறும் எண்ணாக வைத்து, நிரலில் நாமே சரிபார்க்க வேண்டும். அதுபோலவே 'அட்டாமிக்' தொகுதியும் பெயர் குறிப்பிடாவிட்டால் டீஃபால்ட்டை மட்டுமே பாதுகாக்கும். பாதியில் பிழை வந்தால் அங்கே எழுதியது ரத்தாகும், நூலகத்தில் எழுதியது அப்படியே தங்கிவிடும்.

இப்போதெல்லாம் செயலியில் இவற்றுள் ஒன்றை நானே வேண்டுமென்று புகுத்தி, குழுக்களிடம் கொடுக்கிறேன். நிரலைத் தொடுவதற்கு முன், பதில் சொன்னது எந்தத் தரவுத்தளம் என்று தாளில் எழுதிக் காட்ட வேண்டும். எழுதிய பிறகே விசைப்பலகை.