சரீரத்தைக் கைவிடாத விசுவாசம்

கர்த்தருக்குள் பிரியமான மகளுக்கு, பெரியப்பா எழுதிக்கொள்வது.

அடி அண்ணாமலையில் உன்னோடு வேலை பார்க்கும் தோழிகள் கேட்டதாக நீ எழுதிய கேள்வி நல்ல கேள்வி. உயிர்த்தெழுதல் என்பது ‘நான்’ என்னும் அகந்தை செத்து, உள்ளே இருக்கும் ஆன்மா விழித்துக்கொள்வதைச் சொல்லும் உருவகமாக இருக்கலாமே, செத்த உடம்பு எழுந்தது என்று இந்தக் காலத்திலும் நம்பித்தான் ஆக வேண்டுமா என்கிறார்கள். உன் ஊரில் இந்தக் கேள்விக்குப் பெரிய ஆதரவு உண்டு. ரமண மகரிஷியே இப்படித்தான் விளக்கம் சொன்னார். உடம்புதான் சிலுவை, ‘நான் இந்த உடம்பு’ என்ற எண்ணமே அதில் அறையப்படும் இயேசு, அந்த எண்ணம் அழிந்தபின் எஞ்சி நிற்கும் மெய்ப்பொருளே உயிர்த்தெழுதல் என்பது அவர் கருத்து. அதை லேசாக எடுத்துக்கொள்ளாதே. 1896-இல் மதுரையில், 16 வயதில், மரண பயம் வந்தபோது உடம்பைப் பிணம்போல் கிடத்திவிட்டு, சாவது எது என்று தனக்குள்ளே விசாரித்தவர் அவர். ஏட்டில் படித்ததை ஒப்பித்தவர் இல்லை.

அவர் சொன்னதில் பாதியை நாமும் ஒப்புக்கொள்கிறோம். பழைய மனுஷன் கிறிஸ்துவோடுகூடச் சிலுவையில் அறையப்பட்டான் என்ற கருத்தைப் பவுல் ரோமருக்கு எழுதியிருக்கிறார். அகந்தை சாகாமல் ஒருவனும் சீடனாக முடியாது. பாதை பிரிவது அதற்குப் பிறகுதான். மகரிஷியின் விளக்கத்தில் உடம்பு சிலுவையின் இடத்தில் நிற்கிறது. கழற்றிப் போட வேண்டிய தளை அது. நற்செய்தியிலோ உடம்பு சிலுவையில் தொங்கியது, அடக்கம் பண்ணப்பட்டது, மூன்றாம் நாள் தோமாவிடம் காயங்களைக் காட்டப்போகும் அந்த உடம்பே எழுந்தது. ஆராதனையில் விசுவாசப் பிரமாணம் சொல்லும்போது நாம் அறிக்கையிடுவதும் சரீரம் உயிர்த்தெழும் என்பதையே. ஆத்துமா அழியாது என்று மட்டும் நம்புவதற்கு இந்த நாட்டில் யாரும் கிறிஸ்தவராக வேண்டியதில்லை. பிரெஞ்சுத் துறவி அபிஷிக்தானந்தர் 1949-இல் மகரிஷியைத் தரிசித்தார், 1950-இல் குளித்தலைக்குப் பக்கத்தில் சாந்திவனத்தைத் தொடங்கிய இருவரில் ஒருவரானார், பின்பு அருணாசலக் குகைகளில் தங்கித் தவமிருந்தார். அத்வைத அனுபவத்துக்கும் தன் விசுவாசத்துக்கும் நடுவில் அவர் பட்ட பாடு அவருடைய நாட்குறிப்புகளில் தெரியும். இரண்டும் ஒன்றுதான் என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறவர்கள் அதைப் படித்துவிட்டுப் பேசட்டும்.

சரி, நடந்தது என்று எதை வைத்துச் சொல்கிறோம்? பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபம் கி.பி. 55 வாக்கில் எழுதப்பட்டது. சிலுவை மரணத்துக்கும் அதற்கும் இடையில் ஏறக்குறைய 25 ஆண்டுகள்தான். அதன் 15-ஆம் அதிகாரத்தில் உயிர்த்தெழுந்தவரைக் கண்டவர்களின் பட்டியல் இருக்கிறது: கேபா, பன்னிருவர், 500-க்கு மேற்பட்ட சகோதரர், யாக்கோபு. இதைத் தான் பிறரிடமிருந்து பெற்றுக்கொண்டதாகப் பவுலே சொல்வதால், பட்டியல் நிருபத்தைவிடப் பழையது. அந்த 500 பேரில் பெரும்பாலோர் இன்னும் உயிரோடிருக்கிறார்கள் என்றும் எழுதுகிறார். கட்டுக்கதை சொல்கிறவன் உயிரோடிருக்கும் சாட்சியை நோக்கிக் கை காட்டமாட்டான். யாக்கோபு யார்? இயேசுவின் சகோதரர். இயேசு ஊழியம் செய்த காலத்தில் அவருடைய சகோதரர் அவரை விசுவாசிக்கவில்லை என்று யோவான் ஒளிக்காமல் எழுதுகிறார். பின்னாளில் எருசலேம் சபைக்குத் தலைவரான அந்த யாக்கோபு கொல்லப்பட்டதை யூத வரலாற்றாசிரியர் ஜோசிபஸ் குறித்து வைத்திருக்கிறார். குற்றவாளியாகச் சிலுவையில் செத்த அண்ணனை ஒரு யூதன் கர்த்தர் என்று சொல்லத் துணிந்ததற்கு வலுவான காரணம் இருந்திருக்க வேண்டும். இன்னொன்றையும் பார். நான்கு சுவிசேஷங்களும் கல்லறை வெறுமையாயிருந்ததை முதலில் கண்டவர்கள் பெண்கள் என்கின்றன. பெண்களின் சாட்சிக்கு மதிப்புக் குறைவாயிருந்த சமுதாயம் அது. அவர்கள் வந்து சொன்னபோது அப்போஸ்தலரே அதை வீண்பேச்சு என்று தள்ளினார்கள் என்று லூக்கா பதிவு செய்கிறார். கதை ஜோடிக்க உட்கார்ந்தவன் முதல் சாட்சியாகப் பேதுருவைத்தான் நிறுத்தியிருப்பான்.

உன் ஊரை வைத்தே இன்னொரு சான்றைச் சொல்கிறேன். சேஷாத்திரி சுவாமிகள் 1929-இலும், மகரிஷி 1950-இலும், யோகி ராம்சுரத்குமார் 2001-இலும் மறைந்தார்கள். மூவருக்கும் திருவண்ணாமலையில் சமாதி உண்டு. பூசையும் ஆராதனையும் அன்னதானமும் நடக்கின்றன. மகான் மறைந்தால் அவர் திருமேனியை அடக்கம் செய்த இடத்தைச் சுற்றி பக்தி திரள்வது இயல்பு. யூதர்களும் தீர்க்கதரிசிகளின் கல்லறைகளைக் கட்டிச் சிங்காரித்தவர்கள்தான். ஆனால் இயேசுவின் சீடர்கள் அவர் அடக்கம் பண்ணப்பட்ட அதே எருசலேமில் நின்று பிரசங்கித்தும், அவருடைய சரீரத்தைச் சுற்றி ஒரு வழிபாடு உண்டானதற்குப் புதிய ஏற்பாட்டில் சுவடே இல்லை. நான்காம் நூற்றாண்டில் அங்கே பெரிய ஆலயம் எழும்பியபோதும் அது வெறுங்கல்லறையின்மேல்தான் எழும்பியது.

இதற்கு மறுப்புகள் உண்டு. சுவிசேஷங்கள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன என்பார்கள். எத்தனை பெண்கள், எத்தனை தூதர்கள், கலிலேயாவா எருசலேமா என்பவற்றில் வேறுபாடு இருப்பது உண்மை, மறைக்க வேண்டியதில்லை. வெறுங்கல்லறை, பெண்கள், வாரத்தின் முதல் நாள் என்பவற்றில் வேறுபாடில்லை. நான்கு பேர் கூடிப் பேசி எழுதியிருந்தால் ஓரங்களையும் ஒழுங்காகத் தைத்திருப்பார்கள். துக்கத்தில் கண்ட மயக்கக் காட்சி என்றும் சொல்வார்கள். துக்கம் பேதுருவுக்கு இருந்தது. சபையைத் துன்பப்படுத்தித் திரிந்த பவுலுக்கு என்ன துக்கம்? செத்தவன் எழமாட்டான் என்பது விஞ்ஞானம் கண்டுபிடித்த புதுச் செய்தியும் இல்லை. ஏதென்ஸில் பவுல் இதைச் சொன்னபோது கேட்டவர்களில் சிலர் பரிகாசம் பண்ணினார்கள். அவர்களுக்கும் அது தெரிந்திருந்தது. இத்தனையும் சேர்ந்தாலும் கணக்குப்போல நிரூபணம் ஆகிவிடாது, மகளே. சீடர்கள் கண்டதாக உறுதியாக நம்பினார்கள், அதற்காகச் சாகவும் துணிந்தார்கள் என்பதுவரை வரலாறு சொல்லும். அதற்கு மேல் வைக்கும் அடி விசுவாசத்தின் அடி. ஆனால் அது இருட்டில் குதிப்பது ஆகாது.

எனக்குக் கனமாகத் தோன்றும் மறுப்பு வேறொன்று. அது தமிழ் மண்ணிலிருந்தே வருகிறது. அடி அண்ணாமலையில் மாணிக்கவாசகருக்குக் கோயில் இருக்கிறது. திருவெம்பாவை பிறந்த இடம் அது என்பது ஊர் மரபு. அந்த மாணிக்கவாசகர் தில்லையில் கலந்துவிட்டார், சம்பந்தர் நல்லூர்ப் பெருமணத்தில் சோதியில் புகுந்தார், நந்தனார் தீயில் மூழ்கி எழுந்தார் என்பதெல்லாம் நம் மக்கள் நெஞ்சில் ஊறியது. வள்ளலார் 1874 ஜனவரி 30 அன்று மேட்டுக்குப்பத்தில் அறைக்குள் போய்த் தாளிட்டுக்கொண்டார். அவர் மரணமிலாப் பெருவாழ்வைப் போதித்தவர், இறந்தவரைச் சுடாமல் புதைக்கச் சொன்னவர், புதைக்கப்பட்டவர்கள் எழுவார்கள் என்றும் நம்பியவர். அப்படியிருக்க இயேசுவிடம் என்ன புதுமை என்று உன் தோழி கேட்டால், முதலில் இந்த ஒற்றுமைக்காகச் சந்தோஷப்படு. உடம்புக்கும் மீட்பு வேண்டும் என்ற ஏக்கம் மேற்கிலிருந்து கப்பலேறி வந்த சரக்கு இல்லை என்பதற்கு வடலூரே சாட்சி. பிறகு வேறுபாட்டைச் சொல். நம் அடியார்களின் வரலாறுகள் பெரும்பாலும் போனவர்களின் வரலாறுகள். உடம்பு சோதியாகிறது, கண்ணுக்கு மறைகிறது, அடியவர் திரும்புவதில்லை. இயேசுவைப் பற்றிய செய்தி திரும்பி வந்தவரைப் பற்றியது. அவர் சீடர்கள் கண்முன்னே பொரித்த மீன் வாங்கிச் சாப்பிடுகிறார். கடற்கரையில் கரிநெருப்பு மூட்டிக் காலை உணவு தருகிறார். மறுதலித்த பேதுருவை உட்காரவைத்து மூன்று முறை கேள்வி கேட்கிறார். ஆணி பாய்ந்த தழும்பு கையில் இருக்கிறது. கிடைத்த மகிமை அந்தத் தழும்பை அழித்துவிடவில்லை. பட்ட பாடு இன்னதென்று சரீரம் நினைவு வைத்திருக்கிறது.

அது பழைய சரீரமே திரும்பி எழுந்ததா என்றால், முழுக்க அப்படியும் சொல்ல முடியாது. எம்மாவு போகும் வழியில் இருவர் கூடவே நடந்தும் அவரை அடையாளம் காணவில்லை. லாசரு எழுந்து மறுபடியும் செத்தவன். இவர் இனி மரிப்பதில்லை. பவுல் இதற்கு விதையை உவமையாகக் காட்டுகிறார். உங்கள் ஜில்லாவில் மல்லாட்டை விதைக்காத சிற்றூர் இல்லை. மண்ணில் போட்ட பருப்பை யாரும் அதே பருப்பாகத் தோண்டி எடுப்பதில்லை. ஆனால் வேறொரு பயிரும் முளைப்பதில்லை. அதே ஆள், மாறிய சரீரம். இதனால்தான் 2004 டிசம்பர் 26 சுனாமியில் வேளாங்கண்ணிக் கரையில் பெயர் தெரியாமல் ஒரே குழியில் அடக்கமானவர்களுக்கும், கடலோடு போனவர்களுக்கும், மின்மயானத்தில் சாம்பலானவர்களுக்கும் இந்த நம்பிக்கை குறைபடுவதில்லை. தேவன் எலும்பை எண்ணிக்கொண்டிருப்பவர் அல்லர், ஆளை அறிந்தவர். மறுபிறவிக் கொள்கையில் பிறவிதோறும் உடம்பு மாறிக்கொண்டே இருக்கும். எந்த உடம்பும் இறுதியாக மீட்கப்படுவதில்லை. உயிர்த்தெழுதலில் இந்த ஒரே வாழ்க்கை, இந்தப் பெயர், இந்தத் தழும்பு எல்லாம் தேவனுக்கு வேண்டியவை.

இனி விசுவாசிகளின் மறுரூபத்துக்கு வருகிறேன். புதிய ஏற்பாடு அதை இரண்டு காலத்தில் பேசுகிறது: கடைசி நாளில் நம் சரீரம் மாறும், இப்போதே மகிமையின்மேல் மகிமையாக மாறிக்கொண்டிருக்கிறோம். இரண்டாவதை மறந்து முதலாவதை மட்டும் பிரசங்கிப்பது நம் சபைகளின் பழக்கமாகிவிட்டது. புதுக்கோட்டை சமஸ்தானத்தில் நீதிபதியாயிருந்த செஞ்சையா, 1938 தாம்பரம் மாநாட்டை ஒட்டி வெளிவந்த கட்டுரைத் தொகுப்பில் நண்பர்களோடு சேர்ந்து இந்தியக் கிறிஸ்தவத்தை மறுபடியும் யோசிக்கச் சொன்னார். இயேசுவில் புதிய சிருஷ்டி தொடங்கிவிட்டது, பரிசுத்த ஆவி மனிதரை அந்தப் புதிய மனிதராகவே மாற்றும் ஆற்றல், பாவமன்னிப்போடு நின்றுவிடாதீர்கள் என்பது அவர் வாதம். சபையே பெரிதாக வேண்டியதில்லை என்கிற அளவுக்கு அவர் போனதை நான் ஏற்கவில்லை. மூல வாதம் சரியானது.

மாறுவது எங்கே தெரியும்? சரீரத்தை நடத்தும் விதத்தில். வேலூர் சி.எம்.சி.யில் 1940-களின் கடைசியில் டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களைப் பார்த்தார். சதை தானாக அழுகுவதில்லை, உணர்ச்சி போனதால் சுட்டும் வெட்டியும் கொள்கிறார்கள் என்று கண்டுபிடித்தார். நன்றாக வேலை செய்யும் தசைநாணை எடுத்து வேறு வழியாகக் கொண்டுபோய், செயலிழந்த விரலோடு தைத்து, மூடியே கிடந்த கையைத் திறக்கவைத்தார். அப்படித் திறந்த கைகளுக்குத் தொழில் கற்றுக்கொடுக்க எழுந்த இடத்துக்கு நவஜீவ நிலையம் என்று பெயர். கிறிஸ்தவர் மட்டும்தான் நோயாளியைத் தொடுகிறார்கள் என்று நான் சொல்லவில்லை, சொன்னால் பொய். ஊர் தீட்டென்று தள்ளிய ஒரு கையைத் தேவன் வேண்டாமென்று விடவில்லை என்ற விசுவாசம், அந்தக் கையைப் பிடிக்கும் துணிவைச் சிலருக்குக் கொடுத்தது. அவ்வளவுதான், ஆனால் அது சின்னக் காரியம் இல்லை.

உன் தோழிகள் அறிந்திருந்தால் கேட்கக்கூடிய கடைசிக் கேள்விதான் நம்மைத் தலைகுனிய வைப்பது. திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் தலித் கிறிஸ்தவர்களின் கல்லறைகளை மற்றவர்களின் கல்லறைகளிலிருந்து பிரிக்கச் சுவர் எழுப்பினார்கள். அது கத்தோலிக்கர் விவகாரம் என்று நாம் ஒதுங்க முடியாது. லுத்தரன் மிஷன் சபைகளில் தனித்தனி இருக்கையும் நற்கருணைப் பாத்திரத்தில் பேதமும் இருந்தன. 1833-இல் பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி கூடாது என்று கட்டளையிட்டபோது பெரிய எதிர்ப்பு எழுந்தது. சாதி வழக்கத்தின் பக்கம் நின்று வாதாடியவர்களில், இன்றும் நாம் உருகிப் பாடும் பாடல்களைத் தந்த தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரும் ஒருவர். அவர் பாட்டை விடாதே. அவர் வாதத்தை விட்டுவிடு. இதனால் உயிர்த்தெழுதலே பொய் என்று ஆகிவிடுமா? ஆகாது. அந்தச் சுவர் தவறு என்று சொல்லத் தேவைப்படும் அளவுகோலையே அந்த விசுவாசம்தான் தருகிறது. ‘கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்’ என்று கல்லில் வெட்டி வைக்கிறோம். நித்திரை என்றால் விழிப்பு உண்டு. ஒரே எக்காளத்துக்கு ஒன்றாக எழுந்திருக்கப் போகிறவர்களுக்கு நடுவில் செங்கல் அடுக்கியவன், அந்தக் கல்லில் எழுதியதை நம்பவில்லை. மறுரூபமாகாத விசுவாசி இந்தச் செய்திக்கு எதிரான சாட்சி ஆகிறான். அவனைத் திருத்துவது நம் கடமை. அவனுக்காகச் செய்தியைத் திருத்துவது நம் வேலை இல்லை.

கிரிவலம் வருகிறவர்களை ஒருநாளும் இளக்காரமாகப் பேசாதே. பௌர்ணமி இரவில் 14 கிலோமீட்டரை வெறுங்காலால் நடக்கிறவர்களுக்கு, பக்தியில் உடம்புக்கும் பங்கு உண்டு என்பதை நீ சொல்லித் தர வேண்டியதில்லை. அவர்களோடு நீ பேச ஆரம்பிக்க நல்ல இடமே அதுதான். அதற்கு முன் ஒரு வேலை செய். வருகிற ஈஸ்டருக்குக் கல்லறைகளுக்குச் சுண்ணாம்பு அடிக்கப் போவீர்களே, அப்போது உங்கள் சபையின் கல்லறைத் தோட்டத்தைக் கண் திறந்து பார். எல்லாருக்கும் ஒரே வாசலா, ஒரே வரிசையா, குழி வெட்டுகிறவரின் குடும்பத்துக்கும் அங்கே இடம் உண்டா என்று விசாரி. இல்லையென்றால் சபைக் கமிட்டியில் எழுந்து கேள். தனியாகக் கேட்கத் தயக்கமாயிருந்தால் தேதியை எழுது, நானும் வருகிறேன்.

அன்புடன்,
உன் பெரியப்பா