நட்ட குச்சி ஏன் வாடுது?

மோட்டார் ஓடவில்லை என்றால் எடுத்த எடுப்பில் வைண்டிங்கைப் பிரிப்போமா? சப்ளை வருதா, ஃபியூஸ் போச்சா என்றுதான் பார்ப்போம். ஆனால் தொட்டியில் நட்ட செம்பருத்திக் குச்சி தலை தொங்கினால் மட்டும் ஒரு சொம்பு தண்ணி ஊத்துவோம். மறுநாளும் தொங்கினால் இன்னொரு சொம்பு!

வெட்டி நட்ட குச்சிக்கு வேர் கிடையாது. இலையோ நாள் முழுக்க நீரை ஆவியாக விட்டுக்கொண்டே இருக்கும். வரவு குறைவு, செலவு அதிகம். மண்ணில் எவ்வளவு ஊற்றினாலும் வரவு கூடாது, செலவைத்தான் குறைக்கணும். இரண்டு இலை போதும், அதையும் பாதியாக நறுக்கலாம். மொட்டு இருந்தால் கிள்ளிவிட வேண்டும். மேலே ஒரு பாலிதீன் கவரைக் கவிழ்த்து நிழலில் வையுங்கள். வெயிலில் வைத்தால் உள்ளே அவிஞ்சு போகும்.

எங்கள் ஊர் ஜவ்வாது மலையில் காவலூர். 1986 முதல் 2.34 மீட்டர் தொலைநோக்கி இயங்கும் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிற ஊர். ஜனவரி முதல் ஏப்ரல் வரை வானம் தெளிவாக இருக்கும். தொலைநோக்கிக்கு நல்ல காலம். காற்று காய்ஞ்சு கிடப்பதால் குச்சிக்கு அதுவே கெட்ட காலம்.

போன கோடையில் பக்கத்து வீட்டு அக்கா, "தம்பி, நல்லாத்தான் துளிர் விட்டுச்சு, இப்ப தொங்குதுடா" என்று ஒரு செம்பருத்தியைக் கொண்டு வந்தார். துளிரை நம்பக் கூடாது. குச்சிக்குள் சேர்த்து வைத்த மாவுச்சத்தில் வருவது அது. கரண்ட் போன வீட்டில் பேட்டரியில் பாடுகிற ரேடியோ மாதிரி. மண்ணைத் தொட்டேன், சொதசொதவென்று ஈரம். மண் ஈரமாக இருந்தும் இலை வாடினால் சந்தேகம் அடிப்பகுதி மேல்தான். எடுத்துப் பார்த்தால் அடி கறுத்து அழுகல். தொட்டியோ பழைய பெயிண்ட் டப்பா, அடியில் ஓட்டையே இல்லை! தண்ணீர் தேங்கினால் காற்று போகாது. காற்றில்லாத இடத்தில் வேர் விடாது, அழுகும்.

கறுப்பு தாண்டிப் பச்சை தெரிகிற இடத்தில், ஒரு கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டினேன். டப்பாவில் ஓட்டை போட்டு, பாதி மணல் கலந்த புது மண்ணில் நட்டோம். ஒரு மாசம் ஆட்டக் கூடாது என்று சொல்லியிருந்தேன். வேர் வந்துச்சான்னு தினம் பிடுங்கிப் பார்ப்பவர்கள்தான் பாதிக் குச்சிகளைக் கொல்கிறார்கள். அது பிழைத்தது.

எங்கள் மலைச் சந்தனம் தனி கேஸ். குச்சி நட்டால் லேசில் வேர் பிடிக்காது, விதைதான் வழி. அந்த நாற்றும் தொட்டியில் தனியாக இருந்தால் மஞ்சளடித்து நின்றுவிடும். சந்தனம் பாதி ஒட்டுண்ணி. பக்கத்துச் செடியின் வேரைத் துளைத்து நீரும் உப்பும் எடுக்கும். ஜான் ஸ்காட் இதை 1871-லேயே எழுதிவிட்டார். உரம் போடுவதை விட்டு, அதே தொட்டியில் இரண்டு துவரை ஊன்றுங்கள். துவரை வளர்ந்து மேலே மூடினால் நுனியைக் கிள்ளுங்க, களைன்னு நினைச்சுப் பிடுங்கிடாதீங்க. சந்தனத்துக்கு சப்ளை லைனே அதுதான்.