இரவில் நீளும் அலைகள்

நுழையும்முன்

பகலில் அருகிலுள்ள நிலையங்களை மட்டுமே தரும் மத்திய அலை வானொலி, இருட்டியதும் தொலைதூர நகரங்களின் குரல்களையும் கொண்டுவந்து சேர்க்கிறது. கேட்போருக்கு வியப்பளிக்கும் இந்நிகழ்வு, ஒலிபரப்புவோருக்குப் பெருஞ்சிக்கலாக அமைந்தது. அச்சிக்கலை அமெரிக்க நாட்டினர் எதிர்கொண்ட இரு வழிகளை இப்பாடம் விளக்குகிறது.

இரவின் இயல்பு

1902ஆம் ஆண்டு, பிலடெல்பியா என்னும் கப்பலில் அட்லாண்டிக் கடலைக் கடந்த மார்க்கோனி, வானொலிக் குறிகள் பகலைவிட இரவில் மிகுந்த தொலைவைக் கடந்து வருவதைக் கண்டார். அதன் காரணம் பின்னரே தெளிவாயிற்று.

சூரியக் கதிர்கள் வளிமண்டலத்தின் உயர்ந்த பகுதியில் அயனி மண்டலத்தை உருவாக்குகின்றன. அதன் கீழடுக்கு, மேல்நோக்கிச் செல்லும் மத்திய அலைகளைப் பகலில் உறிஞ்சிவிடுகிறது. எனவே, தரையையொட்டிச் செல்லும் அலைகளே கேட்போரை அடைகின்றன. கதிரவன் மறைந்ததும் கீழடுக்கு விரைவாக மங்கிவிடும். மேலடுக்கோ இரவிலும் நிலைத்திருக்கும். அது அலைகளைத் தரைக்குத் திருப்பி அனுப்புவதால், அவை ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலும் கேட்கின்றன. ஒரே அதிர்வெண்ணில் இயங்கும் இரு நிலையங்கள் பகலில் ஒன்றையொன்று அறியாமலே இருக்கலாம்; இரவிலோ இரண்டும் மோதிக்கொண்டு, இரண்டுமே தெளிவிழக்கின்றன.

கிளியர்வாட்டரின் இரு கோபுரங்கள்

புளோரிடா மாநிலத்தின் கிளியர்வாட்டரிலிருந்து 620 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் ஒலிபரப்பிய நிலையம், 1,700 கிலோமீட்டருக்கு அப்பால் மில்வாக்கி நகரில் அதே அதிர்வெண்ணில் இயங்கிய நிலையத்திற்கு இரவில் இடையூறாக இருந்தது. 1932ஆம் ஆண்டு பொறியாளர் ரேமண்ட் வில்மாட், கிளியர்வாட்டரில் இரு கோபுரங்கள் கொண்ட திசைநோக்கு ஆன்டெனாவை வடிவமைத்தார். மில்வாக்கி இருக்கும் திசையில் அலையின் வலிமை குறைந்தது, இடையூறும் தணிந்தது.

இதன் அடிப்படை எளிது. கால் அலைநீள இடைவெளியில் இரு கோபுரங்கள் நிற்பதாகக் கொள்வோம். இரண்டாம் கோபுரத்திற்கு மின்னோட்டத்தைக் கால் சுற்று தாமதமாகச் செலுத்த வேண்டும். முதற்கோபுரத்தின் அலை இரண்டாம் கோபுரத்தை அடையவும் கால் சுற்று நேரமே ஆகும். ஆதலால், அத்திசையில் இரு அலைகளும் இணைந்து வலுப்பெறும். எதிர்த்திசையிலோ, தாமதமாகப் புறப்பட்ட அலை மேலும் கால் சுற்று பயணம் செய்தாக வேண்டும். அரைச் சுற்று வேறுபாடு ஏற்படுவதால், ஒன்றின் முகடு மற்றொன்றின் அகட்டைச் சந்தித்து இரண்டும் மறைகின்றன. கோபுரங்களின் எண்ணிக்கை, இடைவெளி, தாமதம் ஆகியவற்றை மாற்றி, வேண்டிய திசையில் ஒலியை அடக்கலாம்.

விரிந்த அலைவரிசை

நிலையங்கள் பெருகியபோது இவ்வுத்தி மட்டும் போதவில்லை. பல கோபுரங்களுக்கு நிலமும் பொருளும் மிகுதியாகத் தேவைப்பட்டன. கதிரவன் மறைந்ததும் ஒலிபரப்பை நிறுத்த வேண்டும் என்னும் நிபந்தனையோடு இயங்கிய சிறு நிலையங்களும் பல. அந்நிலையங்களை நம்பியிருந்த ஊர் மக்கள், உள்ளூர்ச் செய்திகள் மிகவும் தேவைப்படும் மாலைப்பொழுதில் அவற்றைக் கேட்க இயலவில்லை.

1979ஆம் ஆண்டு ஜெனீவாவில் கூடிய உலக மாநாடு, அமெரிக்கக் கண்டங்களில் மத்திய அலை ஒலிபரப்பின் மேல் எல்லையை 1705 கிலோஹெர்ட்ஸ் வரை உயர்த்தியது. அதனால் 1610 முதல் 1700 வரை பத்துப் புதிய தடங்கள் கிடைத்தன. 1990களில் அமெரிக்க அரசின் தகவல்தொடர்பு ஆணையம், நெரிசலில் சிக்கிய நிலையங்கள் சிலவற்றைத் தேர்ந்து அங்குக் குடியேற அனுமதித்தது. பகலில் 10 கிலோவாட், இரவில் 1 கிலோவாட் என்பது அங்கு வழக்கமான ஆற்றல். அலைநீளம் குறைவாதலால் கோபுரத்தின் உயரமும் குறையும்: 620 கிலோஹெர்ட்ஸில் கால் அலைநீளம் ஏறத்தாழ 121 மீட்டர், 1700இல் அது 44 மீட்டரே.

இடம் புதிதாயினும் இரவின் இயல்பு மாறவில்லை. ஒரே தடத்தில் பல நிலையங்கள் சேரும்போது பழைய மோதல் அங்கும் தலைகாட்டும். அதனால்தான் கதிரவன் மறையும் வேளையில் புதிய தடங்களின் நிலையங்களும் தம் ஆற்றலைப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்துக்கொள்கின்றன. ஒரு நிலையம் இவ்வாறு தன் குரலைத் தாழ்த்திக்கொள்ளும்போதுதான், தொலைவிலுள்ள மற்றோர் ஊர் தன் குரலைத் தெளிவாகக் கேட்கிறது.