கஜேந்திரனும் கோயில் யானையும்

ஸ்ரீமத் பாகவதத்தின் எட்டாம் ஸ்கந்தத்தில் வரும் கஜேந்திர மோக்ஷ வைபவம் ஆஸ்திகர் யாவரும் அறிந்ததே. மடுவில் இறங்கிய களிற்றின் காலை முதலை பற்றிற்று. பிடிகள் கதறின, உடன் வந்த யானைகள் இழுத்தும் மீட்க இயலவில்லை. ஆயிரம் ஆண்டு போராடித் தன் பலம் குன்றியபின் அது எம்பெருமானைக் கூவியழைக்க, அவனும் கருடாரூடனாய் விரைந்தெழுந்தருளினான். தன் உயிருக்காக அன்று, பறித்த தாமரை வாடுமுன் திருவடி சேர வேண்டுமே என்றே அது கதறிற்று என்பர் பெரியோர்.

கோயில் யானைக்கும் துன்பம் காலிலேயே தொடங்குகிறது. கானகத்து யானை நாளில் பெரும்பொழுதை நடப்பதிலும் மேய்வதிலும் கழிப்பது. அதன் உள்ளங்கால் மெத்தென்றது, மண்ணுக்கென அமைந்தது. கல்தளத்திலும் சிமெண்டுத் தரையிலும் தன் கழிவின் ஈரத்திலேயே நாள்தோறும் கட்டுண்டு நின்றால் நகம் வெடிக்கும், பாதம் புண்ணாகும், மூட்டு தேயும். மூட்டு நொந்த யானை, எழ இயலாதென அஞ்சிப் படுக்கவும் தயங்கும். வியர்வையால் உடலைத் தணித்துக்கொள்ளும் வழியும் அதற்கு அரிது. காதுகளை வீசியே வெப்பம் ஆற்றுகிறது. அதனை உச்சிவெயிலில் தார்ச்சாலையில் நிறுத்திக் காசுக்கு ஆசி வழங்கப் பழக்குவது எவ்விதத்திலும் கைங்கர்யம் ஆகாது. கஜேந்திரனுக்காகக் கதறப் பிடிகளேனும் இருந்தன. தனியே வளரும் கோயில் யானைக்கு அவையும் இல்லை.

கலாக்ஷேத்திரம் கண்ட ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவை உறுப்பினராக இருந்து கொணர்ந்த மசோதாவின் பயனாக 1960-இல் பிராணிவதைத் தடைச்சட்டம் பிறந்தது. மிகக் குட்டையான அல்லது மிகக் கனமான சங்கிலியில் நெடுநேரம் பிணைத்து வைப்பதும் அச்சட்டப்படி குற்றமே. விலங்குகளுக்கு அடிப்படை உரிமை உண்டெனக் கொள்ள முன்னுதாரணம் இல்லை என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் கூறியது மெய்யே. ஆயினும் மனிதரின் கடமை அதனால் குறைந்துவிடவில்லை. எல்லா உயிர்களிடத்தும் கருணை கொள்வதை 1976 முதல் அரசியல் சாசனமே குடிமக்களின் கடமையாக விதித்துள்ளது.

2003-இல் முதுமலையிலும், பின்னர் மேட்டுப்பாளையத்தை அடுத்த தேக்கம்பட்டியில் பவானிக் கரையிலும் கோயில் யானைகளுக்குப் புத்துணர்வு முகாம்கள் நடத்தப்பெற்றன. அங்கே அவை நடந்தன, நீராடின, தம்மினத்தைக் கண்டன. பெரும்பாலும் 48 நாட்கள். அதன்பின் லாரியேறிப் பழைய கொட்டிலுக்கே மீண்டன. எஞ்சிய 317 நாட்களுக்கு அவற்றுக்கு வேண்டியிருந்தவை ஒரு மண்தரை, சிறிது நிழல், காலை மாலை நடக்க ஒரு தோப்பு.